மூணாவது ரிலேயும் உருகினா, ரிலேயைத் திட்டாதீங்க

(பேச்சுல வந்த திக்கல், திரும்பச் சொல்லல் எல்லாம் நீக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல கார் பேட்டரி பத்திப் பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த மெயில்கள்ல ஒண்ணு என்னை விடவே இல்ல. அடையாறுலேர்ந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். பத்து வருஷப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். ரேடியேட்டர் ஃபேனோட ரிலேயை அஞ்சு மாசத்துல மூணு தடவை மாத்தியாச்சு. புதுசு போட்டதும் எல்லாம் சரியாயிடுது. ஆறேழு வாரம் கழிச்சு மறுபடியும் பானெட் பக்கம் கருகின வாசனை. கடைசித் தடவை கழட்டினப்போ ரிலேயோட கால் சாக்கெட்டோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னு அடம் பிடிச்சுதாம். "டூப்ளிகேட் ரிலேயைக் குடுத்து ஏமாத்துறாங்களா ப்ரோ?" இதுதான் அவரோட கேள்வி.

டூப்ளிகேட்டாவும் இருக்கலாம். ஆனா மூணு தடவையும் அதே இடத்துல, அதே மாதிரி கருகுதுன்னா எனக்குச் சந்தேகம் ரிலே மேல இல்ல. ஒரு சர்வர் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை விழுந்துக்கிட்டே இருந்தா நாம ஆபீஸ்ல ரீஸ்டார்ட் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட மாட்டோம். மெமரி எங்க கசியுதுன்னு தேடுவோம். இங்கயும் ஏதோ கசியுது. கசியறது கரன்ட் இல்ல, வோல்டேஜ். அது எங்க போய் சூடா மாறுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல ரிலேன்னா என்னன்னு சுருக்கமா பார்த்துடலாம். களைச்ச குதிரையை வழியில மாத்தி, புதுக் குதிரையில தபாலைக் கொண்டு போவாங்க பாருங்க, அந்த ஏற்பாட்டோட பேர்தான் ரிலே. பழைய ரேடியோவுல ஒரு ஸ்டேஷன் நிகழ்ச்சியை இன்னொரு ஸ்டேஷன் எடுத்து ஒலிபரப்பறதை 'அஞ்சல்'னு சொல்வாங்க, தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க. 1830கள்ல அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி செஞ்சு பார்த்ததும் இதேதான். நீளமான கம்பியில வந்து மெலிஞ்சுபோன கரன்ட்டை வெச்சு ஒரு மின்காந்தத்தை இயக்கி, அது மூலமா இன்னொரு பெரிய சர்க்யூட்டைத் திறந்து மூடறது.

கார்லயும் அதே வேலைதான். ஹெட்லைட் ஸ்விட்ச், ஹாரன் பட்டன், எஞ்சின் கம்ப்யூட்டர், இதெல்லாம் பெரிய கரன்ட்டைத் தாங்காது. அதனால சின்ன கரன்ட்டை ரிலேயோட காயிலுக்கு அனுப்பும். காயில் காந்தமாகி ஒரு சின்ன இரும்புத் தகட்டை இழுக்கும். 'டிக்'னு ஒரு சத்தம். உள்ள ரெண்டு கான்டாக்ட் முனைகள் தொடும். பேட்டரியிலேர்ந்து பெரிய கரன்ட் நேரா ஃபேனுக்குப் போகும். ரிலேயோட அடியில எழுதியிருக்கிற 30, 85, 86, 87ங்கிற எண்கள் ஜெர்மனியோட டி.ஐ.என். 72552 தரத்துலேர்ந்து வந்தது. 85, 86 காயிலோட ரெண்டு முனை. 30 பேட்டரியிலேர்ந்து வர்றது, 87 லோடுக்குப் போறது. சிலதுல நடுவுல 87ஏன்னு ஒண்ணு இருக்கும், ரிலே ஆஃப்ல இருக்கும்போது 30 கூட தொட்டுக்கிட்டு இருக்கிற கால் அது. இந்த நாலு எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க, இன்னைக்கு மீதிக் கதை முழுக்க 30க்கும் 87க்கும் நடுவுலதான்.

சூடு எங்க பிறக்குது

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன். ரிலே கொஞ்சம் சூடா இருக்கிறது தப்பே இல்ல. சாதாரண 12 வோல்ட் ரிலேயோட காயில் 80, 90 ஓம் இருக்கும். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 0.14 ஆம்பியர், அதாவது ஒண்ணே முக்கால் வாட். எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ் 14 ஆயிடும், அப்போ ரெண்டு வாட்டுக்கு மேல. எஞ்சின் அறைக்குள்ள ஏற்கெனவே அடுப்பு மாதிரி இருக்கிற சூட்டோட இதுவும் சேர்ந்தா, தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கும். அஞ்சு செகண்ட் விரலை வெச்சிருக்க முடிஞ்சா பெரும்பாலும் கவலையில்ல. விரலைச் சட்டுன்னு எடுக்க வேண்டி வந்தா, பக்கத்துல அதே சைஸ்ல இருக்கிற இன்னொரு ரிலேயை விட இது மட்டும் ரொம்பச் சுட்டா, அப்போதான் விசாரணை.

பெரிய சூடு வர்றது காயில்லேர்ந்து இல்ல. ரெண்டு உலோகம் ஒண்ணை ஒண்ணு தொடற இடத்துலேர்ந்து. ரிலேக்குள்ள கான்டாக்ட் முனைகள் தொடற இடம் ஒண்ணு. ரிலேயோட கால் சாக்கெட்டுக்குள்ள இருக்கிற டெர்மினலைத் தொடற இடம் இன்னொண்ணு. அந்த டெர்மினல்ல ஒயரை நசுக்கிப் பிடிச்சிருக்கிற இடம் மூணாவது. ஜூல் விதி பிளஸ் டூவுல படிச்சிருப்பீங்க, கரன்ட்டோட வர்க்கத்தை மின்தடையால பெருக்கினா சூடு. ஃபேன் 18 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கோங்க. நல்ல இணைப்புல மின்தடை 5 மில்லி ஓம். 18 இன்டு 18 இன்டு 0.005, ஒண்ணரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல. ஒண்ணும் ஆகாது. அதே இணைப்பு லூஸாகி, களிம்பு ஏறி 50 மில்லி ஓம் ஆயிடுச்சுன்னா? 16 வாட். காலேஜ் லேப்ல நாம பிடிச்ச சால்டரிங் அயர்ன் 25 வாட். அதுல பாதிக்கு மேல சூட்டை ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள்ள, ஒரு நகக்கண் அளவு இடத்துல விடாம குடுத்துக்கிட்டே இருக்கோம்.

50 மில்லி ஓம்ங்கிறது எவ்வளவு சின்னதுன்னா, உங்க சாதாரண மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு அளந்தா அது தெரியாது. மீட்டரோட ஒயருக்கே அதைவிட அதிக மின்தடை இருக்கும். "கன்டின்யூட்டி பார்த்தேன் சார், பீப் அடிச்சுது, ஒயரிங் ஓகே"ன்னு சொல்ற இடத்துல நிறையப் பேர் வழி தவறிடறாங்க. பீப் அடிக்கும். உருகிக்கிட்டு இருக்கிற சாக்கெட்டும் பீப் அடிக்கும்.

அடுத்தது, "அதான் ஃபியூஸ் இருக்கே, போயிடுமே"ங்கிற நம்பிக்கை. போகாது. ஃபியூஸுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: தன் வழியா போற கரன்ட் அளவுக்கு மீறுதா இல்லையா. நம்ம கேஸ்ல கரன்ட் அதே 18 ஆம்பியர்தான். சொல்லப்போனா இணைப்பு மோசமானதால கொஞ்சம் குறைஞ்சிருக்கும். 30 ஆம்பியர் ஃபியூஸ் நிம்மதியா உட்கார்ந்திருக்கும், பக்கத்துல சாக்கெட் பழுப்பாகி, பிளாஸ்டிக் இளகி, அடுத்த ஒயரோட இன்சுலேஷன் உருகி, ஒயரும் ஒயரும் தொட்டு ஷார்ட் ஆன பிறகுதான் ஃபியூஸுக்குச் செய்தியே போகும். கருகின வாசனையை நீங்க சீரியஸா எடுத்துக்கணும்னு நான் கத்தறதுக்குக் காரணம் இதுதான். அந்தக் கட்டத்துல உங்க மூக்கைத் தவிர கார்ல வேற அலாரம் கிடையாது.

கருகின ரிலேயைத் தூக்கிப் போடாதீங்க

நண்பர்கிட்ட பழைய ரிலேயோட போட்டோ கேட்டேன். நல்லவேளையா டேஷ்போர்டுக்குள்ள போட்டு வெச்சிருந்தார். பழைய ரிலே ஒரு சாட்சி. எங்க கருகியிருக்குங்கிறதுதான் வாக்குமூலம்.

மேல்மூடி நடுவுல உப்பியோ இளகியோ இருந்தா, சூடு உள்ளேர்ந்து வந்திருக்கு: காயிலோ கான்டாக்ட்டோ. கான்டாக்ட் முனைகள் பெரும்பாலும் வெள்ளிக் கலவை. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் ஒரு குட்டி மின்பொறி அதைக் கொஞ்சம் அரிக்கும். லட்சம் தடவை தாங்கற மாதிரிதான் செய்யறாங்க, ஆனா பேட்டரி வீக்கா இருந்தா ரிலே 'டட-டட-டட'ன்னு அடிச்சுக்கும், ஒரு நிமிஷத்துல பல மாசத் தேய்மானம். சில சமயம் முனைகள் ஒட்டிக்கிட்டு பிரியவே பிரியாது. கார் ஆஃப் பண்ணி ராத்திரி முழுக்க ஃபேன் ஓடி, காலையில பேட்டரி காலின்னு கேள்விப்பட்டிருந்தா அது இதுதான்.

மூடி நல்லா இருந்து, அடிப்பக்கம் ஒரே ஒரு காலைச் சுத்தி மட்டும் பழுப்பாவோ கருப்பாவோ இருந்தா, சூடு வெளியிலேர்ந்து உள்ள போயிருக்கு. அதாவது சாக்கெட். நண்பரோட போட்டோவுல 87ஆம் காலைச் சுத்தி காபி டிகாஷன் கலர்ல ஒரு வளையம், அந்தக் கால் நீலம் பாய்ஞ்சு இருந்தது. மத்த மூணு காலும் பளபளன்னு இருக்கு. ரிலேக்காரன் பாவம்.

மூணு தடவையும் ஏன் அதே இடம்? சாக்கெட்டுக்குள்ள இருக்கிற டெர்மினல் ஒரு சின்ன ஸ்பிரிங் மாதிரி ரிலேயோட காலைக் கவ்விப் பிடிக்கும். ஒரு தடவை நல்லா சூடாச்சுன்னா அந்த உலோகம் தன்னோட விறைப்பை இழந்துடும். பிடி தளரும். பிடி தளர்ந்தா மின்தடை கூடும், மின்தடை கூடினா சூடு கூடும், சூடு கூடினா பிடி இன்னும் தளரும். புது ரிலேயோட கால் சுத்தமா இருக்கிறதால முதல் சில வாரம் தாக்குப் பிடிக்கும். அந்த ஆறு வாரம்தான் எல்லாரையும் ஏமாத்துது. மெக்கானிக் 'சரி பண்ணிட்டேன்'னு நம்பறார், நாமளும் நம்பறோம்.

அளந்து பாருங்க

இதுக்கு பெரிய கருவி வேணாம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனா சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். ஓம்ஸை மறந்துடுங்க, டி.சி. வோல்ட்ல வைங்க. முக்கியம், லோடு ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் அளக்கணும். ஏ.சி. போட்டா பெரும்பாலான கார்கள்ல ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சுடும். மோதிரம், காப்பு, பிரேஸ்லெட் எல்லாம் கழட்டி வெச்சிடுங்க. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனா பேட்டரி பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு மோதிரம் மாட்டினா விரலைச் சுட்டுடும். ஃபேன் சொல்லாம கொள்ளாம ஓடும், துப்பட்டா, ஐ.டி. கார்டு கயிறு எதுவும் தொங்கக்கூடாது. ஐ.டி. கார்டோட பானெட்டுக்குள்ள குனியற ஆளுங்க நம்ம ஓ.எம்.ஆர். கூட்டத்துல நிறைய.

மீட்டரோட சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ல வைங்க. கருப்பை ஃபேனோட பிளஸ் ஒயர்ல. ரெண்டும் பிளஸ் பக்கம்தானே, பூஜ்யம்தானே வரணும்? அதான் விஷயம். பூஜ்யத்துக்கு எவ்வளவு மேல வருதோ, அவ்வளவு வோல்டேஜை வழியில யாரோ தின்னுட்டாங்க. மொத்த வழிக்கும் அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா பரவாயில்லன்னு பொதுவா எடுத்துப்பாங்க. நண்பருக்கு 1.4 வோல்ட் வந்துது. சரி, தின்னது யாரு? வழியைப் பாதி பாதியா பிரிச்சுக்கிட்டே போகணும், கோட்ல பக் தேடும்போது பைனரி சர்ச் பண்ற மாதிரி. ரிலே சாக்கெட்டோட பின்பக்கம் 30 ஒயர்லேர்ந்து 87 ஒயர் வரைக்கும் ஒரு வோல்ட். ரிலேயைக் கொஞ்சம் மேல தூக்கி, காலுக்கும் காலுக்கும் நேரா அளந்தா 0.1 வோல்ட்தான். அப்போ மீதி 0.9 வோல்ட் எங்க? ரிலேயோட காலுக்கும் சாக்கெட் டெர்மினலுக்கும் நடுவுல இருக்கிற, கண்ணுக்கே தெரியாத அந்த இடைவெளியில. 0.9ஐ 18ஆல பெருக்குங்க. 16 வாட். மேல சொன்ன சால்டரிங் அயர்ன் கணக்கு இவர் கார்ல அப்படியே உட்கார்ந்திருக்கு.

18 ஆம்பியர்னு எப்படித் தெரியும்? கிளாம்ப் மீட்டர். இதுல ஒரு எச்சரிக்கை: வீட்டு எலக்ட்ரீஷியன்கள் வெச்சிருக்கிற விலை குறைஞ்ச கிளாம்ப் மீட்டர் நிறையது ஏ.சி. கரன்ட்டை மட்டும்தான் அளக்கும். கார்ல மாட்டினா பூஜ்யம் காட்டும். டி.சி. ஆம்பியர் அளக்கறதான்னு கேட்டு வாங்குங்க. மந்தைவெளியில எனக்குத் தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட அது இருந்தது. அவர்கிட்டதான் நண்பரை அனுப்பினேன். மீட்டரைப் பார்த்ததும் அவர் சொன்னது, "தம்பி, இந்த ஃபேன் புதுசுல 12 ஆம்பியர்தான் இழுக்கும். பேரிங் மாட்டுது. கையால சுத்திப் பாருங்க, எவ்ளோ டைட்டா இருக்குன்னு."

இப்போ ரெண்டாவது குற்றவாளியும் மாட்டிக்கிட்டான். 12க்கும் 18க்கும் வித்தியாசம் ஒண்ணரை மடங்குதானேன்னு தோணும். சூடு வர்க்கத்துல ஏறும், 144க்கு 324. ரெண்டே கால் மடங்கு. ஃபேன் மோட்டார் கிழமாகி அதிகமா இழுத்தது, சாக்கெட்டை முதல்ல சுட்டது. சுட்ட சாக்கெட் அதுக்கப்புறம் ரிலேக்களைத் தின்னுது. ரிலேயோட விலை ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைதான், அதனால எல்லாரும் அதையே மாத்திக்கிட்டு இருந்தாங்க. இதை இப்படியே விட்டிருந்தா ஒருநாள் ஃபேன் நிக்கும், டிராஃபிக்ல டெம்பரேச்சர் முள் ஏறும், கவனிக்கலைன்னா ஹெட் கேஸ்கெட் போகும். அங்கேர்ந்து பில் ஆயிரங்கள்ல ஆரம்பிக்கும்.

அண்ணன் செஞ்ச வேலை இதுதான். ஃபேன் மோட்டார் மாத்தினார். சாக்கெட்டுக்குள்ள கருகின டெர்மினலை மட்டும் வெளியில உருவி, ஒயரைக் கருப்பு மறைஞ்சு செம்பு பளிச்சுன்னு தெரியற வரைக்கும் வெட்டி, அதே தடிமன்ல கொஞ்சம் ஒயர் சேர்த்து, புது டெர்மினலைக் கிரிம்ப் பண்ணி உள்ள தள்ளினார். அப்புறம் மறுபடியும் அளந்தார். மொத்த வழிக்கும் 0.3 வோல்ட். எனக்குப் பிடிச்சது அந்தக் கடைசி அளவுதான். டெஸ்ட் ஓடாம டெப்ளாய் பண்ணாத ஆளு.

செய்யக்கூடாதது சிலதைச் சொல்லிடறேன். 30 ஆம்பியர் ரிலேக்குப் பதில் 40 ஆம்பியர் ரிலே போட்டா தீரும்னு சொல்வாங்க. கால் அதே சைஸ், சாக்கெட் அதே தளர்ந்த சாக்கெட்; ஒண்ணும் மாறாது. பெரிய ஃபியூஸ் போடறது அதைவிட மோசம், இருக்கிற ஒரே காவல்காரனையும் தூங்க வைக்கிற வேலை. சாக்கெட்டைத் தூக்கிட்டு ஒயரை முறுக்கி டேப் சுத்தறதும் வேணாம். சாதாரண சால்டர் 183 டிகிரி பக்கத்துல இளக ஆரம்பிக்கும், அதனால சுடற இடத்துல வெறும் சால்டரை நம்பி ஒயரை நிறுத்தாதீங்க. வீட்டு ஒயரிங்ல மிஞ்சின ஒயரைக் கார்ல போடாதீங்க, வீட்டு பி.வி.சி. ஒயர் பொதுவா 70 டிகிரிக்கானது, எஞ்சின் பக்கம் அது பத்தாது. கடைசியா, ரிலேயை மாத்தும்போது உடம்பு மேல அச்சடிச்சிருக்கிற படத்தை ஒப்பிட்டுப் பாருங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரிலேக்கள்லயே 30ம் 86ம் இடம் மாறின ரெண்டு வகை உண்டு.

சென்னைக்காரங்களுக்கு மட்டும்

சாக்கெட் ஏன் கெடுதுன்னு கேட்டா, நம்ம ஊர்ல அதுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்ல. மே மாசம் மதியம் உஸ்மான் ரோடு சிக்னல்ல ஏ.சி. போட்டுக்கிட்டு நில்லுங்க. காத்தோட்டம் இல்ல, ஃபேன் நிக்காம ஓடுது. ஹைவேல ஓடற காருக்குக் காத்தே பாதி வேலையைச் செஞ்சுடும், தி.நகர் காருக்கு அந்தப் பாக்கியம் இல்ல. ஃபேன் ரிலே இங்க உழைக்கிற மாதிரி ஊட்டியில உழைக்காது.

அப்புறம் தண்ணி. 2015 டிசம்பர், 2021 நவம்பர்ல தி.நகர், 2023 டிசம்பர் மிக்ஜாம். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரை ஏத்தி நிறுத்தினாங்களே, பார்த்துச் சிரிச்சவங்க இருக்கீங்க, எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமான வேலையா பட்டுது. தண்ணி ஏறின காரை எல்லாரும் எஞ்சினைப் பத்திக் கவலைப்பட்டு சரி பண்ணுவாங்க. ஆனா நம்ம வெள்ளத் தண்ணி சுத்தமான மழைத் தண்ணியா என்ன? சாக்கடையும் உப்பும் கலந்தது. கனெக்டர் இடுக்குல ஏறி, காய்ஞ்சு, உப்பை மட்டும் விட்டுட்டுப் போகும். அப்புறம் மாசக்கணக்குல மெதுவா பச்சை பிடிக்கும். செம்புப் பாத்திரத்துல ஏறுமே, அதே களிம்புதான். மிக்ஜாம்ல நனைஞ்ச சாக்கெட் அடுத்த கோடையில சுடும், ரெண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டாங்க. சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் நிறுத்தற காருக்கு வெள்ளமே தேவையில்ல, கடல் காத்தே போதும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும் இல்ல. 2025 செப்டம்பர்ல பி.எம்.டபிள்யூ அமெரிக்காவுல கிட்டத்தட்ட 2 லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டுது. ஸ்டார்ட்டர் ரிலேக்குள்ள தண்ணி போய், துருப்பிடிச்சு, சூடாகித் தீப்பிடிக்கலாம்ங்கிற காரணத்துக்காக. சரி பண்ற வரைக்கும் வண்டியை வீட்டை விட்டுத் தள்ளி வெளியில நிறுத்தச் சொன்னாங்க. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல பார்க் பண்றவங்க அந்த அறிவுரையை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

களிம்பு ஏறின காலை அம்மா பித்தளைக்குப் போடற புளி கொண்டு தேய்க்காதீங்க, உப்புத்தாளும் வேணாம். அந்த டெர்மினல்ல பெரும்பாலும் மெல்லிசா வெள்ளீயப் பூச்சு இருக்கும், தேய்ச்சா அது போய் இன்னும் சீக்கிரம் கெடும். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போதும். ரொம்ப மோசமா இருந்தா டெர்மினலையே மாத்தணும்.

மூணாவது, ஆக்சஸரிஸ். ராயப்பேட்டை ஜி.பி. ரோட்டுக்கு நானும் ஞாயித்துக்கிழமை ஆசையா போற ஆளுதான். ஆனா கணக்கைப் பாருங்க. சாதாரண ஹெச்-4 ஹெட்லைட் பல்பு ஹைபீம்ல 60 வாட், ரெண்டுக்கு 120. 12 வோல்ட்ல 10 ஆம்பியர். கடையில 100/90 வாட் பல்பு மாட்டினா கிட்டத்தட்ட 17 ஆம்பியர். வழியில இருக்கிற ஒவ்வொரு இணைப்புலயும் சூடு 2.8 மடங்கு. ஒயர் அதே, ஸ்விட்ச் அதே, சாக்கெட் அதே. எதிர்ல வர்றவன் கண்ணு அவியறது தனிக் கதை. தனி ரிலே, தனி ஃபியூஸ், தடிச்ச ஒயர் சேர்ந்த ஒயரிங் கிட் போடாம இந்த மாதிரி பல்போ, டபுள் ஹாரனோ மாட்டக் கூடாது. இருக்கிற ஒயரைக் கீறி அதுலேர்ந்து ஒரு கிளை இழுக்கறவர்கிட்ட காரை விடாதீங்க.

டாடா நானோ ஞாபகம் இருக்கா? 2009ல விற்பனைக்கு வந்த கொஞ்ச மாசத்துலயே சில கார்கள்ல புகை வந்தது, ஸ்டீயரிங் பக்கத்து காம்பினேஷன் ஸ்விட்ச்ல ஷார்ட் சர்க்யூட்னு சொன்னாங்க. 2010ல சில கார்கள் எரிஞ்சப்போ நடந்த விசாரணைக்கு அப்புறம், வெளியில மாட்டின எலக்ட்ரிக்கல் சாமான்கள், சைலன்சர் மேல கிடந்த அந்நியப் பொருள், இப்படிக் காரணங்களைக் கம்பெனி சொன்னது. அதோட நிக்காம அந்த வருஷம் நவம்பர்ல, ஏற்கெனவே வித்த கார்களுக்கும் எக்ஸாஸ்ட்லயும் எலக்ட்ரிக்கல்லயும் கூடுதல் பாதுகாப்பு இலவசமா போட்டுத் தர்றோம்னு அறிவிச்சாங்க. யார் மேல தப்புங்கிற விவாதத்தை விடுங்க. எக்ஸ்ட்ரா சாமானைத் தாங்கற மிச்சம் மீதி நம்ம விலையில கிடைக்கிற ஒயரிங்ல ரொம்பக் குறைவுங்கிறதுதான் நான் அதுலேர்ந்து எடுத்துக்கிட்டது.

சாஃப்ட்வேரால ரிலேயைக் குளிர வைக்க முடியுமா?

"நான் இ.வி. வாங்கிட்டேன், எனக்கு இதெல்லாம் இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கதை. எலக்ட்ரிக் கார்ல பெரிய பேட்டரியையும் மோட்டாரையும் சேர்க்கிறதும் பிரிக்கிறதும் கான்டாக்டர். ரிலேயோட பெரியப்பான்னு வெச்சுக்கோங்க, நூத்துக்கணக்கான வோல்ட், நூத்துக்கணக்கான ஆம்பியர். 2022 ஜூன்ல ஃபோர்டு, அமெரிக்காவுல கிட்டத்தட்ட 49,000 மஸ்டாங் மாக்-இ கார்களை ரீகால் பண்ணாங்க. ஆமா, நம்ம மறைமலை நகர்ல ஃபேக்டரி போட்டிருந்த அதே ஃபோர்டு. இந்தக் கார் இங்க செஞ்சது இல்ல. டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங்கும், ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கிறதும் திரும்பத் திரும்ப நடந்தா கான்டாக்டர் சூடாகி, முனைகள் உருகி ஒட்டிக்கலாம், இல்ல பிரிஞ்சுடலாம். ஓடிக்கிட்டிருக்கிற கார் பவர் இழந்துடும்.

அவங்க குடுத்த தீர்வு சாஃப்ட்வேர் அப்டேட். கான்டாக்டரோட சூட்டைக் கண்காணிச்சு, ஏறினா பவரைக் குறைக்கும். ஒரு சாஃப்ட்வேர் ஆளா எனக்கு அதைக் கேட்டதும் பெருமையா இருந்தது, ஒப்புக்கறேன். ஆனா அப்டேட் போட்ட கார்கள்லயும் அதே கோளாறுன்னு புகார்கள் வந்தது. 2023ல அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, இந்தத் தீர்வு போதுமான்னு கேள்வி எழுப்பிச்சு. அந்த வருஷம் அக்டோபர்ல ஃபோர்டு ஏறக்குறைய 35,000 கார்களை மறுபடியும் கூப்பிட்டு, கான்டாக்டர் இருக்கிற ஜங்ஷன் பாக்ஸையே மாத்திக் குடுக்க முடிவு பண்ணாங்க. கரன்ட்டைக் குறைச்சா சூடு குறையும், வர்க்க விதிப்படி நல்லாவே குறையும். அதுல தப்பில்ல. ஆனா ஏற்கெனவே தேய்ஞ்ச முனை எந்த அப்டேட்லயும் வளராது.

இந்தியாவுல 2021 ஏப்ரல் 1லேர்ந்து கட்டாய ரீகாலுக்கு விதி இருக்கு. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகள்ல ஒரே மாடலுக்கு, விற்ற எண்ணிக்கைக்கு ஏத்த அளவு புகார் சேர்ந்தா அரசே உத்தரவு போடலாம். ஒரே இடத்துல ரெண்டு தடவை உருகின புது வண்டி வெச்சிருக்கிறவங்க சர்வீஸ் சென்டர்ல சண்டை போடறதோட நிறுத்தாம புகாரையும் பதிவு பண்ணுங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி, ஓட்டிக்கிட்டிருக்கும்போதே கருகின வாசனை வந்தா என்ன பண்றது? ஏ.சி., ஹெட்லைட், மியூசிக் எதெல்லாம் அணைக்க முடியுமோ அணைச்சுட்டு ஓரமா நிறுத்துங்க. எஞ்சினை ஆஃப் பண்ணி எல்லாரும் இறங்குங்க. 30ஆம் காலுக்கு நிறைய கார்கள்ல சாவி எடுத்தாலும் பேட்டரி கரன்ட் வந்துக்கிட்டே இருக்கும், அதனால ஆஃப் பண்ணியாச்சுன்னு அசால்ட்டா இருக்காதீங்க. புகை இல்ல, வெறும் வாசனைதான்னா பானெட்டைத் திறந்து பேட்டரியோட மைனஸ் கேபிளைக் கழட்டுங்க. ஒரு 10ஆம் நம்பர் ஸ்பானர் பெரும்பாலும் போதும், அதைக் கார்லயே வெச்சுக்கோங்க. பானெட் இடுக்குல புகை வந்துக்கிட்டிருந்தா திறக்கவே திறக்காதீங்க, காத்து உள்ள போனா நெருப்பு எழும்பும். தள்ளிப் போய் 112க்கோ 101க்கோ கூப்பிடுங்க. இ.வி.யா இருந்தா ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடாதீங்க.

மந்தைவெளி அண்ணன்கிட்ட இன்னொரு கேள்வியும் கேட்டு வெச்சிருக்கேன்: எர்த் ஒயர் ஒண்ணு லூஸானா ஹெட்லைட் போட்டதும் ஏன் இண்டிகேட்டர் மங்குது? அடுத்த எபிசோட்ல அவரே வந்து பேசறேன்னு சொல்லியிருக்கார்.